அலறும் முகமும் சோகமான கண்களும்

கார்த்தி: மாமா, அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் 'பவர்' பாட்டில் நடுநடுவே ஒரு குரல் கரகரவென்று வருமே, அது ஒரு பழைய ராக் பாட்டிலிருந்து எடுத்ததாம். கிங் கிரிம்சன் என்று ஒரு குழு. கேட்டிருக்கிறீர்களா?

கார்த்தி: 📷 அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் அட்டை இதுதான், வாயைப் பிளந்து அலறும் ஒரு முகம்

சித்தி: டேய், படம் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாப்பா பயந்துபோய் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மாமா: கேட்டிருக்கிறேனாவா! 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', 1969 அக்டோபரில் இங்கிலாந்தில் வந்தது. நீ சொல்வது அதில் முதல் பாட்டு, 'டுவென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்'. அதோடு நிறுத்திவிடாதே கார்த்தி. மொத்தமே ஐந்து பாட்டு, முக்கால் மணி நேரம். ஷஃபிள் போடாமல் வரிசையாகக் கேள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் காற்று மாதிரி ஏதோ லேசாகத்தான் கேட்கும். அதை நம்பி வால்யூமைக் கூட்டிவிடாதே.

நிலா: நானும் கேட்கிறேன் மாமா. யார் யார் வாசிக்கிறார்கள்?

மாமா: ராபர்ட் ஃபிரிப் கிட்டார். கிரெக் லேக் பாட்டு, பேஸ் கிட்டார். மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ். இயன் மெக்டொனால்ட் சாக்ஸஃபோன், புல்லாங்குழல், கீபோர்டு எல்லாம். ஐந்தாவது ஆள் பீட்டர் சின்ஃபீல்ட், பாட்டு எழுதுபவர். கச்சேரியில் விளக்குகளையும் அவரே பார்த்துக்கொண்டார். பாட்டு எழுதுபவரையே குழுவில் ஓர் ஆளாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1969 ஜனவரியில் லண்டனில் ஒரு கஃபேயின் கீழ்த்தளத்தில் ஒத்திகை தொடங்கினார்கள். ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரபல ராக் குழு நடத்திய இலவசக் கச்சேரியில் அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். அந்தக் கோடையிலேயே வெசெக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு. வெளித் தயாரிப்பாளர் ஒருவரோடு முயன்று பார்த்தது சரிவராததால் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். முதல் ஆல்பம்!

கார்த்தி: முதல் பாட்டு முடிந்தது. நடுவில் எல்லாரும் சேர்ந்து ஒரே வரியைப் படுவேகமாக வாசித்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி ஒன்றாகத் தொடங்குகிறார்களே, அது எப்படி மாமா? அப்போது கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதெல்லாம் கிடையாதே.

மாமா: கிடையாது. எட்டு டிராக் டேப், அதாவது எட்டுத் தனித்தனித் தடங்களில் ஒலியைப் பதியும் நாடா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒத்திகை. அந்த நிறுத்தங்களில் ஒரு சின்னச் சத்தம்கூட மிச்சமில்லை பார். சிட்டிகை நேரம் யாராவது பிந்தினாலும் மொத்தமும் சரிந்துவிடும். கரகரப்பான அந்தக் குரல் லேக்கினுடையது, வேண்டுமென்றே சிதைத்துப் பதிவு செய்தது. வரிகளில் நேபாம் என்ற தீக்குண்டு வருகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தக் கோபத்தை அழகாகப் பாடியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

பெரியம்மா: தம்பி, முதல் பாட்டு எனக்குத் தலைவலி. பாதியில் தள்ளிவிட்டு இரண்டாவதற்குப் போனேன். அந்தப் புல்லாங்குழல்! இதையும் அதே ஆட்கள்தான் வாசித்தார்களா?

மாமா: அதே ஆட்கள்தான் அக்கா. முதல் பாட்டில் சாக்ஸஃபோனை அலறவிட்ட மெக்டொனால்ட்தான் இதில் குழல். அதே லேக்தான் இவ்வளவு மென்மையாகப் பாடுகிறார். 'ஐ டாக் டு தி விண்ட்'. இந்த ஆல்பம் ஏன் இத்தனை வருஷமாக நிற்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஏழு நிமிடம் உலகமே இடிந்து விழுகிறது. அது நின்ற மறு வினாடி ஒரு குழல். முதல் பாட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டால் குழல் இனிமையாக மட்டும் இருக்கும். அந்த இடிக்குப் பிறகு கேட்டால் நெஞ்சை அடைக்கும். தலைவலி தீர்ந்ததும் இன்னொரு முறை வரிசையாகக் கேளுங்கள் அக்கா, எனக்காக.

பெரியம்மா: சரி, உனக்காக.

நிலா: மூன்றாவது, 'எபிடாஃப்'. இதில் வயலின் கூட்டம் மாதிரி பின்னால் வருகிறதே, அதை யார் வாசித்தது? பட்டியலில் யாருமில்லை.

மாமா: நீ கீபோர்டு கற்றுக்கொள்கிறாய் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். அது மெலோட்ரான். ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு துண்டு டேப் இருக்கும். அதில் நிஜ வயலின்காரர்கள் வாசித்த அந்த ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். சுமார் எட்டு வினாடியில் தீர்ந்துவிடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். எட்டு வினாடிக்கு மேல் ஒரு சுரத்தைப் பிடிக்க முடியாது. டேப் ஓடும்போது சுருதி லேசாக நடுங்கும். நிஜ வயலின் கூட்டம் இவ்வளவு தனிமையாக ஒலிக்காது. அந்த நடுக்கம் எனக்கு உயிர்.

நிலா: அய்யோ, தெரிந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. மூச்சு வாங்குவது போல.

சித்தி: அண்ணா, பாட்டெல்லாம் சரி. அந்தப் படத்தை யார் வரைந்தது?

மாமா: பாரி காட்பர். கம்ப்யூட்டர் புரோகிராமர். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தாராம். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை இதுதான். ஆல்பம் வந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், இறந்துபோனார். வயது 24. அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூட இல்லை, அந்த முகம் மட்டும். கடையில் பார்த்தவனுக்கு வேறு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

சித்தி: 24 வயதா. பாவம்.

மாமா: அட்டையைத் திறந்தால் உள்ளே இன்னொரு முகம் இருக்கும். அதுதான் கிரிம்சன் அரசன். சிரித்துக்கொண்டிருப்பான். தேடி எடுத்து, வாயைக் கையால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பார். ஃபிரிப் சொன்ன விஷயம் இது.

சித்தி: பார்த்தேன். கண்ணில் அவ்வளவு சோகம். கையை எடுத்தால் மறுபடி சிரிக்கிறான். பாப்பாவுக்கும் காட்டினேன், இவரைப் பார்த்தால் பயமில்லை என்கிறாள்.

கார்த்தி: நான்காவதில் மாட்டிக்கொண்டேன். 'மூன்சைல்ட்' முதல் இரண்டரை நிமிடம் நல்ல பாட்டு. அப்புறம் என்ன இது? டிங், டிங், அமைதி, டிங். ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகிறது.

மாமா: அது ஸ்டுடியோவில் அப்படியே கற்பனையாக வாசித்தது கார்த்தி. ஒருவர் சொல்வதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டு வாசிக்கிறார். இரவில் ஹெட்ஃபோனில் கேள்.

பெரியம்மா: எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரமே இல்லாத வாசிப்பு.

கார்த்தி: மன்னியுங்கள் பெரியம்மா, எனக்கு நீளம்தான். மூன்று நிமிடம் போதும்.

மாமா: நிறைய ரசிகர்கள் உன் கட்சிதான். நான் அக்கா கட்சி. சரி, கடைசிப் பாட்டுக்குப் போ, ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாட்டு. முடிந்துவிட்டது போல இருக்கும், நிறுத்திவிடாதே. சின்னதாக ஒரு பொம்மலாட்ட மெட்டு வரும், அதன்பின் எல்லாரும் திரும்பி வருவார்கள்.

நிலா: வந்துவிட்டார்கள்! திடீரென்று வெட்டின மாதிரி நிற்கிறது. மாமா, இவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்?

மாமா: 1969 டிசம்பரிலேயே, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது, மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் லேக்கும் போய் 'எமர்சன், லேக் அண்ட் பால்மர்' குழுவைத் தொடங்கினார். இந்த ஐந்து பேர் சேர்ந்து ஸ்டுடியோவில் முடித்த ஒரே ஆல்பம் இதுதான். ஃபிரிப் மட்டும் வேறு வேறு ஆட்களோடு அந்தப் பெயரைக் கொண்டுபோனார்.

கார்த்தி: அப்படியென்றால் அடுத்து எதைக் கேட்பது?

மாமா: 'ரெட்', 1974. அதில் மெக்டொனால்ட் விருந்தினராக வந்து சாக்ஸஃபோன் வாசித்திருக்கிறார். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', பன்னிரண்டு நிமிடம். நீளம் என்று சொல்லக் கூடாது.

கார்த்தி: கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் மாமா.