பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுக்கிறேன். நிபந்தனை நிகழ்தகவில் (ஒரு தகவல் தெரிந்த பிறகு இன்னொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது) ஒரு கணக்கு வகுப்பையே இரண்டாக்கிவிட்டது.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருவராவது பையன். இருவருமே பையனாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண் என மூன்று வகை மிஞ்சுவதால் 1/3. "மூத்தது பையன்" என்றால் 1/2. இதிலெல்லாம் தகராறு இல்லை.

அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம், இருவரில் யாரோ ஒருவர் திறக்கிறார், பையன். இப்போது விடை 1/2. "அதே தகவல்தானே சார், ஏன் மாறுது?" என்கிறாள் ஒருத்தி. ஆணும் பெண்ணும் உள்ள வீடுகளில் பாதி தடவை பெண் திறந்திருப்பாள், அவை கணக்கிலிருந்து கழன்றுவிடும் என்று போர்டில் போட்டுக் காட்டினேன். தலையாட்டுகிறார்கள், முகத்தில் நம்பிக்கை இல்லை. அவர்களைச் சொல்லி என்ன, 1959இல் இந்தப் புதிரை எழுதிய மார்ட்டின் கார்ட்னரே கேள்வி தெளிவாக இல்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

தலை விழுந்தால் பையன், பூ விழுந்தால் பெண் என்று நாணயம் சுண்ட வைத்துப் பார்க்கலாமென்று யோசனை. ஒரு மணி நேர வகுப்பில் 1/3, 1/2 வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய எத்தனை முறை சுண்டினால் போதும்? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். வேறு வழி இருந்தாலும் சரி.