மனநலப் பிரிவு பற்றி இளைஞர்களிடம் என்ன கேட்பது? யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இளைஞர்களுக்கு எது சரிப்படவில்லை என்று கேட்டு எழுதித் தரும் வேலை தன்னார்வலர்களான எங்களுக்கு வந்திருக்கிறது. எல்லோரும் கல்லூரியில் படிப்பவர்கள். ஆர்வம் நிறைய, அனுபவம் கம்மி.

முதலில் கண்ணில் பட்டது ஓ.பி. வரிசை. காலையில் மட்டும்தான் சீட்டு, அதனால் வகுப்பைக் கட் அடிக்காமல் வர முடியாது. அப்புறம், வராந்தாவில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். தெரிந்தவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, ஆனால் வராந்தாவுக்கு அது தெரியாது போல! 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம் என்பதையும் பலர் கேள்விப்பட்டதில்லை.

மனநல ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் யாராவது எங்கள் கேள்வித்தாளை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? நோய் என்னவென்று கேட்கப் போவதில்லை. பதில் சொல்லும்போதே ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெற்றோர் சம்மதத்தோடு எப்படிப் பேசுவது என்றும் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் தனிச்செய்தியில் எழுதினால் போதும், பெயர் வேண்டாம்.