ஜூனில் டாஸ்மேனியா, வாடகைக் காரில் தனியாக: என் திட்டம் சரியா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரைப் பெண், மெல்பனில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஜூன் மாதம் எட்டு நாள் லீவு போட்டு டாஸ்மேனியாவைச் சுற்றலாம் என்று ஒரு தோழியும் நானும் டிக்கெட் போட்டிருந்தோம், அவள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டாள், டிக்கெட் பணமோ திரும்பி வராது. சரி, தனியாகவே போய்விடுவோம் என்று முடிவெடுத்துவிட்டேன். விக்டோரியா லைசென்ஸ் இருக்கிறது, ஊருக்குள் தினமும் ஓட்டுகிறேன். நெடுந்தூரம் என்றால் ஒரே ஒரு தடவை கிரேட் ஓஷன் ரோடு போனதுதான், அதுவும் பாதி தூரம் அவள்தான் ஓட்டினாள்.

திட்டம் இது. ஹோபார்ட்டில் மதியம் ஒன்றரைக்கு இறங்கி, கார் எடுத்துக்கொண்டு நேராக மேற்கே ஸ்ட்ராஹன். மறுநாள் கிரேடில் மவுண்டன், அப்புறம் ஸ்டான்லி, லான்செஸ்டன், செயின்ட் ஹெலன்ஸ், கோல்ஸ் பே, போர்ட் ஆர்தர், எட்டாம் நாள் சாயங்கால விமானத்தில் வீடு. ஏழு இரவு, ஏழு ஊர். மேப்பில் பார்த்தால் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் வரவில்லை, அதனால் தாராளமாக முடியும் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டியது: சின்ன கார் போதுமா, இல்லை ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா? கவுன்டரில் விற்கும் கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா? அப்புறம் அம்மாவுக்காக ஒரு கேள்வி, தனியாகப் போகும் பெண்ணுக்குப் பயமில்லையா?

டெர்வென்ட்வாசி:
ஹோபார்ட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன் தங்கச்சி, அந்த முதல் நாளை அடித்துவிடுங்கள். கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள், இங்கே ஜூன் என்றால் நடுக்குளிர்காலம், பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஹோபார்ட்டில் அந்த மாதம் சூரியன் நாலே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடும், காலையில் ஏழே முக்கால் வரை வெளிச்சம் சரியாக வராது. ஒன்றரைக்கு இறங்கி, பெட்டி வந்து, கார் சாவி கைக்கு வர இரண்டரை. அங்கிருந்து ஸ்ட்ராஹன் (எழுதுவது அப்படி, ஊர்க்காரர்கள் வாயில் 'ஸ்ட்ரான்') சுமார் 300 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம். அதாவது கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மேல், லயல் நெடுஞ்சாலையில் மலையும் காடும் வளைவுமாக இருக்கிற பகுதியை, மழையில், கும்மிருட்டில், முன்பின் பழகாத காரில் தனியாகக் கடக்கப் போகிறீர்கள். அங்கே பெரும்பாலான இடத்தில் செல்போன் சிக்னலும் கிடையாது.

இருட்டில் ஓட்டக்கூடாது என்பதற்குக் காரணம் விலங்குகள். வல்லபி, பேடிமெலன் (இரண்டும் கங்காருவின் சின்னச் சொந்தங்கள்), போசம், வாம்பட் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் சாலை ஓரத்துக்கு மேய வரும். சாலையோரப் பலகைகளிலேயே அந்தி முதல் விடியல் வரை 65க்குக் குறைத்து ஓட்டு என்று போட்டிருக்கும். வாம்பட்டைப் படத்தில் பார்த்துப் பொம்மை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், 25 கிலோ எடையில் கெட்டியான உருண்டை, அதில் மோதினால் சின்ன காரின் முன்பக்கம் அம்போ.

முதல் இரவு ஹோபார்ட்டிலேயே தங்குங்கள். ஜூனில் டார்க் மோஃபோ திருவிழா நடக்கும் நாளாக இருந்தால் ரூம் விலை எகிறும், இப்போதே போட்டுவிடுங்கள். மறுநாள் எட்டரைக்குக் கிளம்பினால் போதும். அதைவிடச் சீக்கிரம் போனால் டெர்வென்ட் பிரிட்ஜ் பக்கம் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும், பதினோரு மணிக்கு அந்த மேட்டுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் இளகியிருக்கும். லேக் செயின்ட் கிளேரில் ஒரு காபி, நெல்சன் அருவியில் இருபது நிமிட நடை, மூன்றரைக்கு ஸ்ட்ராஹன்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம். பனி கொட்டினால் சாலையையே மூடிவிடுவார்கள், அப்போது எந்தக் காரும் உதவாது. காலையில் கிளம்பும் முன் வானிலையும் சாலை நிலவரமும் பாருங்கள், அது போதும்.

கோடைமழை:
போன வருடம் ஜூலையில் தனியாகச் சுற்றியவள் நான். அம்மாவிடம் சொல்லுங்கள், பத்து நாளில் ஒரு மனிதரைப் பார்த்தும் பயப்படவில்லை. சின்ன ஊர் மோட்டல்களில் இருப்பவர்கள் "எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்" என்று நம் ஊர் பாட்டிகள் மாதிரியே விசாரிப்பார்கள், அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. பயந்தது ஒரே ஒரு தடவை, குயின்ஸ்டவுனுக்குள் இறங்கும் வளைவுகளில். 99 வளைவு என்று பெயர், நான் எண்ணவில்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். அங்கே மலை மொட்டையாக, இளஞ்சிவப்பும் சாம்பலுமாக நிற்கும். தாமிரம் உருக்கும் உலைக்கு மரத்தையெல்லாம் வெட்டினார்கள், கந்தகப் புகை மிச்சத்தைக் கருக்கியது, பிறகு மழை மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிலும் பச்சைக் காடாகப் பார்த்துக்கொண்டே வந்து திடீரென்று அதைப் பார்த்தபோது வண்டியை ஓரங்கட்டிவிட்டேன் (பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது, அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள், ஓரத்தில் வண்டி நிறுத்த இடம் விட்டிருப்பார்கள், அங்கே நில்லுங்கள்).

சின்ன விஷயங்கள். குயின்ஸ்டவுனிலோ ஸ்ட்ராஹனிலோ பெட்ரோல் டேங்க் முழுசாக இருக்கட்டும், பாதி இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். மேப்பை போனில் முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள். மேற்குப் பக்கம் டெல்ஸ்ட்ராதான் கொஞ்சமாவது எடுக்கும், நான் வேறு சிம் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். தேசியப் பூங்காக்களுக்கு ஒரு காருக்கு இரண்டு மாதம் செல்லும் பாஸ் இருக்கிறது, கிரேடிலும் வைன்கிளாஸ் பேயும் அதிலேயே அடங்கும், ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக வாங்காதீர்கள். கிரேடிலில் டவ் ஏரிக்கு பகல் நேரத்தில் நம் காரை விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்தான்.

முக்கியமாக, பழம், காய்கறி, செடி எதையும் பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் மோப்ப நாய் வரும். சட்டினிக்கு என்று கொண்டுபோன என் கறிவேப்பிலைப் பொட்டலம் அங்கேயே குப்பைத் தொட்டியில் விழுந்தது.

பரோட்டாமாஸ்டர்:
எல்லாரும் ஏன் தார் ரோட்டையே சொல்கிறீர்கள்? டார்க்கைன் காட்டுக்குள் போகாமல் என்ன டாஸ்மேனியா? ஸீஹானிலிருந்து கொரின்னா போனால் பைமன் ஆற்றை ஒரு குட்டிப் படகில் காரோடு கடக்கலாம், கயிறு இழுக்கும் பார்ஜ், அக்கரையிலிருந்து மண் சாலையில் ஆர்தர் ரிவர் வழியாக ஸ்டான்லி. எதிரே மணிக்கு ஒரு வண்டி வந்தால் அதிசயம். அதோடு மெல்பனில் இருக்கிறவர் எதற்கு வாடகைக் கார் எடுக்க வேண்டும்? ஜீலாங்கில் கப்பல் ஏறினால் நம் காரிலேயே டெவன்போர்ட்டில் இறங்கலாமே.

டெர்வென்ட்வாசி:
மாஸ்டர், படகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் ஓட்டப்போவது வாடகைக் கார். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் போனால் இன்சூரன்ஸ் செல்லாது என்று எழுதியிருப்பார்கள். கப்பலுக்கு டிக்கெட் போட விமான டிக்கெட்டைத் தூக்கியெறிய வேண்டும், அதற்குத்தானே தனியாகவே கிளம்புகிறார். மணிக்கு ஒரு வண்டி வருகிற மண் ரோட்டில் ஜூன் மாதம் தனியாக டயர் பஞ்சரானால் யார் வருவார்கள்?

உப்புமூட்டை:
இன்சூரன்ஸ் பேச்சு வந்துவிட்டதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மே மாதம், ஷெஃபீல்டிலிருந்து கிரேடில் போகும் சாலை, மணி ஐந்து இருபது. இன்னும் இருபது நிமிடம்தானே என்று ஓட்டினேன். 70ல்தான் போனேன். புதரிலிருந்து ஒரு பேடிமெலன் நேராக விளக்குக்குள் குதித்தது. பெரிய பூனை அளவுதான் இருக்கும், ஆனால் சத்தம் யாரோ காரைக் கட்டையால் அடித்த மாதிரி. வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுத் திரும்பி நடந்து போனேன். செத்துவிட்டது. வயிற்றுப் பை அசைந்தது.

இங்கே அடிபட்ட விலங்கைப் பார்த்தால் பையைப் பாருங்கள் என்று சொல்வார்கள், உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம். இருந்தது. போனரோங் விலங்குக் காப்பகத்தின் மீட்பு எண்ணை நல்லவேளை சேமித்து வைத்திருந்தேன், அதைவிட நல்லவேளை ஒற்றைக் கம்பி சிக்னல் இருந்தது. தாயின் பால்காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதே, வாய் கிழிந்துவிடும் என்றார்கள். இது கவ்வியிருக்கவில்லை. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய மங்கி குல்லா தலையில் இருந்தது, அதற்குள் குட்டியைப் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தன்னார்வலர் அம்மா வந்து குல்லாவோடு வாங்கிக்கொண்டு போனார். சாலையிலிருந்து செத்ததை இழுத்து ஓரம் போட்டாயா என்று முதலில் கேட்டார், ஏனென்றால் அதைத் தின்ன டெவில் (டாஸ்மேனியன் டெவில் என்கிற, இறைச்சி தின்னும் விலங்கு) வரும், வருகிற டெவிலை அடுத்த வண்டி அடிக்கும். 1996ல் கண்டுபிடித்த முகப்புற்று நோயில் அந்த இனம் ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டது.

இனி பண விஷயம். பம்பர், ஒரு விளக்கு. நான் கார் எடுத்த கம்பெனி, பெயர் வேண்டாம், என் கார்டிலிருந்து எக்சஸ் தொகை (சேதமானால் இன்சூரன்ஸுக்கு முன் நாம் கட்ட வேண்டிய பங்கு) முழுவதையும், 4,000 டாலருக்கு மேல், பிடித்துக்கொண்டது. கவுன்டரில் நாளுக்கு முப்பத்தைந்து டாலர் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவன் நான். அதனால் என் அறிவுரை: வாடகைக் கார் எக்சஸை மட்டும் கவர் செய்யும் பாலிசியை வெளியே ஆன்லைனில் வாங்கலாம், கவுன்டர் விலையில் பாதிகூட ஆகாது. ஆனால் வாங்குமுன் இரண்டைப் படியுங்கள், விலங்கு மோதல் உண்டா, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் உண்டா. என் ஒப்பந்தத்தில் இந்த இரண்டாவது வரி எட்டாம் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் பலவற்றில் சேராது. காரை எடுக்கும்போது சுற்றி வந்து வீடியோ எடுத்துவிடுங்கள், கூரையையும் சேர்த்து.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி, உப்புமூட்டை அண்ணா கதையைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. குட்டி பிழைத்ததா?

திட்டத்தை மாற்றிவிட்டேன். ஹோபார்ட் ஒரு இரவு, ஸ்ட்ராஹன் ஒன்று, கிரேடில் இரண்டு, லான்செஸ்டன் ஒன்று, பிஷனோ இரண்டு. ஸ்டான்லியும் போர்ட் ஆர்தரும் போச்சு, வயிறு எரிகிறது. பிஷனோவிலிருந்து ஒரு நாள் வடக்கே பினலாங் பேயில் அந்த ஆரஞ்சுப் பாறைகள், கடைசி நாள் காலையில் வைன்கிளாஸ் பே பார்க்கும் மேடு, அங்கிருந்து நேராக விமான நிலையம். நாலு மணிக்கு மேல் சாவி பையை விட்டு வெளியே வராது. ஆனால் ஒன்று, நாலு மணிக்கு ரூமுக்குள் போய் உட்கார்ந்து ராத்திரி பத்து வரை என்ன செய்வது?

கோடைமழை:
சின்ன ரைஸ் குக்கரும் ரசப்பொடியும் கொண்டுபோங்கள். ஸ்ட்ராஹன் மழையில் சூடான ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பிஷனோவில் பொழுது சாய்ந்ததும் குட்டிப் பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறும், டூர்க்காரர்களே பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. மேகம் இல்லாத இரவானால் வெளியே வந்து தெற்கு வானத்தைப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் அரோரா, அதாவது துருவ ஒளி, தெரியும். எனக்குத் தெரியவில்லை.

உப்புமூட்டை:
பிழைத்தது. நாலு மாதம் கழித்துப் படம் அனுப்பினார்கள். குல்லா திரும்பி வரவில்லை.

வைகைக்கரை:
போய் வந்துவிட்டேன். கார் கீறலில்லாமல் திரும்பியது, கவுன்டர் பையன் டார்ச் அடித்துச் சுற்றி வந்து பார்த்தான், நானும் வீடியோவோடு கூடவே சுற்றினேன். ஸ்ட்ராஹனில் விடாத மழை, கிழக்கே வந்ததும் பளிச்சென்று வெயில், ஒரே தீவா இது என்று இருந்தது. ஒரு நாள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை: கிரேடிலில் கடைசி ஷட்டிலில் இறங்கி விடுதிக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டும்போது இருட்டிவிட்டது. முப்பதில் உருட்டினேன். நடுச்சாலையில் ஒரு வாம்பட், பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. பதினோரு நிமிடம், அது போகும் வரை எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டெர்வென்ட்வாசி:
எஞ்சினை அணைத்தது சரி. விளக்கை அணைக்கவில்லையே?

வைகைக்கரை:
இல்லை அண்ணா, எச்சரிக்கை விளக்கும் போட்டிருந்தேன்.