டான் நார்மனின் பணிவாழ்க்கை: உளவியலாளர் எப்போது வடிவமைப்பாளர் ஆனார்?

கேள்வி
எழுதியவர்: ஆய்வுத்தேடல்

அனைவருக்கும் வணக்கம். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்திற்கான ஆய்வுப்பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பயன்பாட்டெளிமை, மனிதமைய வடிவமைப்பு ஆகியவற்றில் ஈடுபாடு இருப்பதால், அத்துறையில் நுழைந்தவுடன் காதில் விழும் பெயரான டான் நார்மனின் பணிவாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதிப் பார்த்தேன். 1957இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) மின்பொறியியல் பட்டம், 1962இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணித உளவியல் சார்ந்த முனைவர் பட்டம், பிறகு ஹார்வர்ட், 1966 முதல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலப் பேராசிரியப் பணி, 1993இல் ஆப்பிள் நிறுவனம், 1998இல் பயன்பாட்டெளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சனுடன் சேர்ந்து தொடங்கிய ஆலோசனை நிறுவனம், அதன்பின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், 2014இல் மீண்டும் சான் டியாகோவில் வடிவமைப்பு ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பு. எழுதி முடித்ததும் குழப்பம்தான் மிஞ்சியது.

நினைவு, கவனம் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆய்வுக்கூட உளவியலில் இருந்தவர், ஐம்பத்தேழு வயதில் கணினி நிறுவனத்திற்குப் போனதை எப்படிப் புரிந்துகொள்வது? எனக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர், நார்மன் 1980களோடு ஆய்வை விட்டுவிட்டார் என்றும், பிறகு எழுதியதெல்லாம் வெகுமக்களுக்கான எழுத்து என்றும் சொல்கிறார். வடிவமைப்பில் பணிபுரியும் நண்பர்களோ, அவருக்கு அதற்கு முன்பு ஓர் ஆய்வு வாழ்க்கை இருந்ததையே அறிந்திருக்கவில்லை. அவர் துறை மாறினாரா, ஒரே ஆய்வை வேறு இடங்களில் தொடர்ந்தாரா? கூடவே இன்னொன்று: பொறியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு இத்துறையில் ஆய்வாளராக இடம் உண்டா?

மறுமொழி 1
எழுதியவர்: கதவுக் கைப்பிடி

உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சோதனைகளை நடத்தி உளவியல் ஆய்விதழ்களில் வெளியிடும் நார்மனை 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு அதிகம் காண முடியாது. ஆனால் அவர் பணியாற்றிய இடங்களை ஒதுக்கிவிட்டு, எதை ஆராய்ந்தார் என்று மட்டும் பார்த்தால், துறைமாற்றம் என்ற சொல் பொருந்தாது என்பது என் கருத்து.

அவருடைய தொடக்ககாலப் பணி நினைவைப் பற்றியது. 1965இல் நான்சி வாவுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, குறுகியகால நினைவிலிருந்து செய்திகள் மறைவதற்குக் காலம் கடப்பதைவிட இடையில் புகும் பிற செய்திகளே பெருங்காரணம் என்று வாதிட்டது. மனிதனைத் தகவல் செயலாக்கும் ஓர் அமைப்பாகக் காணும் பார்வை அது. மின்பொறியாளராகப் படிப்பைத் தொடங்கியவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும். திருப்பம் என்று சொல்லத்தக்கது 1970களின் பிற்பகுதியில் நேர்ந்தது. சோதனைக்கூடத்திற்கு வெளியே அன்றாட வாழ்வில் மனிதர்கள் செய்யும் கைப்பிசகுகளை அவர் சேகரிக்கத் தொடங்கினார். 1981இல் ‘சைக்கலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் அவற்றை வகைப்படுத்தி எழுதினார். நகலெடுக்கும் கருவியின் அருகே நின்று பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தவர், எட்டு, ஒன்பது, பத்து என்று வந்து, அடுத்ததாக ஜாக்கி, ராணி, ராஜா என்று எண்ணிவிட்டார். அண்மையில்தான் அவர் சீட்டாடியிருந்தார். ஓடிவிட்டு வீடு திரும்பிய மாணவர் ஒருவர், வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி அழுக்குத்துணிக் கூடைக்குப் பதிலாகக் கழிப்பறைக் கோப்பைக்குள் எறிந்தார். குறி தவறியதென்று சொல்லவும் வழியில்லை; கூடை இருந்தது வேறு அறையில். இவர்கள் யாருக்கும் அறிவு குறைவில்லை, நோக்கமும் பிழையில்லை. நன்கு பழகிய செயல்களை மனம் நடத்தும் விதத்திலிருந்தே இப்பிசகுகள் பிறக்கின்றன என்பதுதான் அவருடைய வாதம். சரியாக நினைத்துத் தவறாகச் செய்வதையும், தவறாகவே முடிவெடுப்பதையும் அவர் வேறுவேறாகப் பிரித்தது இன்றுவரை பாதுகாப்பு ஆய்வுகளில் கையாளப்படுகிறது.

இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1979 மார்ச் 28 அன்று, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நிகழ்ந்தது. அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் விளக்கு அணைந்ததைக் கண்ட இயக்குநர்கள் (உலையை இயக்கும் பணியாளர்கள்), வால்வு மூடிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வின் உண்மை நிலையோடு இணைக்கப்படவே இல்லை. மூடுவதற்கான மின்கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அது காட்டியது. வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் அழுத்தத்தைப் பார்த்திருந்தால் நடப்பது புரிந்திருக்கும், ஆனால் அந்த அளவுமானி பலகையின் பின்புறத்தில் இருந்தது. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விப்பு நீர் வெளியேறியது. இயக்குநர்கள் ஏன் நிலைமையைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஆராய அழைக்கப்பட்டவர்களுள் நார்மனும் ஒருவர். அறையைப் பார்த்தபின், இயக்குநர்களைக் குறைசொல்ல அவரால் முடியவில்லை. வேறொரு அணுமின் நிலையத்தில், அடுத்தடுத்து இருந்த ஒரே மாதிரியான இரண்டு நெம்புகோல்களைப் பிரித்தறிவதற்காகப் பணியாளர்களே பீர்க் குழாய்களின் கைப்பிடிகளைக் கொண்டுவந்து மாட்டியிருந்ததையும் பின்னாளில் தம் நூலில் படத்துடன் காட்டினார். பொறியாளர்கள் விட்ட குறையைப் பணியாளர்கள் எத்தனை எளிதாகச் சரிசெய்துவிட்டார்கள் பாருங்கள்.

எனவே, மாறியது பிழைக்கான காரணத்தை அவர் தேடிய இடம். முன்பு மனத்திற்குள் தேடியதை, இப்போது மனத்திற்கும் கருவிக்கும் இடையே தேடினார். 1981 நவம்பரில் ‘டேட்டாமேஷன்’ இதழில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் இடைமுகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியதும், 1986இல் ஸ்டீபன் டிரேப்பருடன் தொகுத்த பயனர்மைய அமைப்பு வடிவமைப்பு பற்றிய கட்டுரைத் தொகுதியும் அந்த வழியிலேயே வந்தவை. பயனர் செய்ய நினைப்பதற்கும் கருவி அனுமதிப்பதற்கும் உள்ள இடைவெளி ஒன்று, கருவி காட்டுவதற்கும் பயனர் புரிந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளி மற்றொன்று என்ற கருத்தை அந்தத் தொகுதியில் அவர் விரித்துரைத்தார். அணு உலையின் விளக்கு இரண்டாவது வகை.

1988இல் வெளியாகி, பின்னர் ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ என்று பெயர் மாற்றப்பட்ட நூலை எல்லோரும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். என் பார்வையில் அது பத்தாண்டு ஆய்வின் அறுவடை.

ஆப்பிளைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே அவர் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று கணினியை இயக்கி நிறுத்தும் பொத்தான். ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிகளில் வகைக்கு வகை அதன் இடமும் இயங்கும் விதமும் வேறுபட்டன. எல்லா வகைகளிலும் அதை ஒரே மாதிரி அமைப்பதே தீர்வு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனித்தனியே இயங்கிய தயாரிப்புப் பிரிவுகள் அனைத்தையும் ஒரே முடிவுக்கு இணங்கவைப்பதே உண்மையான வேலையாக இருந்தது. மோசமான வடிவமைப்புக்கு வடிவமைப்பாளரின் அறியாமையைவிட நிறுவனத்தின் உள்ளமைப்பு காரணமாகலாம் என்பதை எந்தப் பல்கலைக்கழக ஆய்வகமும் அவருக்குக் காட்டியிருக்காது. அவர் பிற்காலத்தில் எழுதியவற்றில் மேலாண்மை, வணிகம் பற்றிய பகுதிகள் பெருகியதற்குக் காரணம் இதுவே.

மறுமொழி 2
எழுதியவர்: முன்மாதிரி

மேலே எழுதியவரோடு பெருமளவு உடன்படுகிறேன். ஆனால் ஒரு துறையை ஒரே மனிதரின் வாழ்க்கை வழியாகக் கற்பதில் ஓர் ஆபத்து உண்டு. நார்மன் சிக்கல் எங்கே இருக்கிறது என்று விளக்கியவர். அதை எப்படிக் கண்டுபிடித்துத் தீர்ப்பது என்ற நடைமுறையை வகுத்தவர்கள் வேறு சிலர், அவர்களுடைய பெயர்கள் பொதுவெளியில் இவ்வளவு ஒலிப்பதில்லை. கேள்வி கேட்டவருக்கு நான் பரிந்துரைப்பது ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கூல்டின் பணிவாழ்க்கை.

பேசினால் தட்டச்சு செய்யும் கருவி மக்களுக்குப் பயன்படுமா என்று 1980களின் தொடக்கத்தில் அறிய விரும்பினார்கள். அத்தகைய கருவி அப்போது இல்லை. கூல்டும் உடன் பணியாற்றியவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? சோதனைக்கு வந்தவர் ஒலிவாங்கியில் பேச, கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்தில் அமர்ந்திருந்த தட்டச்சர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய, பேசியவரின் திரையில் சொற்கள் தோன்றின. கருவியை உருவாக்காமலேயே அதன் பயன்பாட்டை அளந்துவிட்டார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைச் சோதிப்பவர்கள் இதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள்.

1985இல் கிளேட்டன் லூயிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, தொடக்கத்திலேயே பயனர்களையும் அவர்களுடைய வேலையையும் அறிதல், பயன்பாட்டைச் சோதித்து அளத்தல், திருத்தித் திரும்பச் செய்தல் என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தது. இதெல்லாம் தெரிந்ததுதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அமைப்புகளை உருவாக்குவோரிடம் ஒரு நல்ல அமைப்பை உருவாக்கும் முக்கியப் படிகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்று கொள்கைகளையும் குறிப்பிட்டவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே. அக்கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அந்தக் கொள்கைகளைத் தாமே கடைப்பிடித்தும் காட்டினார்கள். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், விளையாட்டு வீரர்களுக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் குரல்செய்தி விட்டுவைக்கும் வசதி 12 மொழிகளில் அமைக்கப்பட்டது. நிரல் எழுதும் முன்பே பயனர் கையேட்டை எழுதி மக்களிடம் காட்டினார்கள். வீரர்கள் பயன்படுத்தும் நிலையத்தின் வெற்று மாதிரியை அலுவலக நடைபாதையில் நிறுத்திவைத்து, போகிறவர் வருகிறவர் சொன்ன குறைகளையெல்லாம் கேட்டுத் திருத்தினார்கள். நடைபாதையில் நின்றவர்கள் தந்த திருத்தங்களுக்கு எந்தக் கோட்பாடும் ஈடாகாது என்பது என் எண்ணம். மேலே எழுதிய நண்பர் இதை மறுப்பார்.

ஆய்வுத்தேடல் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. 1981ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரு துணைக்கேள்வி: 2005இல் நார்மனே மனிதமைய வடிவமைப்பு தீங்கானது என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதியதாக அறிகிறேன். தாம் வளர்த்த கொள்கையையே கைவிட்டுவிட்டாரா? பொறியியல் பட்டம் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

மறுமொழி 3
எழுதியவர்: கதவுக் கைப்பிடி

முன்மாதிரி அவர்கள் எதிர்பார்த்தபடியே மறுக்கிறேன், ஆனால் சிறிதளவே: நடைபாதையில் நிற்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்பதற்கு முன், எந்த வகைப் பிழையைத் தேடுகிறோம் என்று தெரிந்திருப்பது உதவும். மற்றபடி கூல்ட் பற்றி எழுதியதை நானும் வழிமொழிகிறேன்.

2005ஆம் ஆண்டுக் கட்டுரை கைவிடல் அன்று. தலைப்பு வேண்டுமென்றே சீண்டுவது, நார்மனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. தனித்தனிப் பயனர்களின் விருப்பங்களையே துருவிக்கொண்டிருந்தால், ஒருவருக்குப் பொருத்தமாகவும் மற்றவருக்குப் பொருந்தாமலும், ஒட்டுமொத்தத்தில் ஒழுங்கின்றியும் பொருள்கள் உருவாகும் என்றார். ஆகவே மனிதர்களைவிட அவர்கள் செய்யும் செயல்பாட்டை மையமாகக் கொள்ளுங்கள் என்றார். இசைக்கருவிகளைப் பாருங்கள், கற்க ஆண்டுகள் ஆகும், ஆனாலும் இசை என்ற செயல்பாட்டிற்கு அவை பொருந்தியிருப்பதால் மனிதர்கள் முயன்று கற்கிறார்கள். கூல்டும் லூயிஸும் பயனரோடு வேலையையும் சேர்த்தே சொன்னார்கள் என்பதை நினைத்தால், அவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்றுகூட வாதிடலாம்.

அவர் உண்மையிலேயே திருத்திக்கொண்டது வேறோர் இடத்தில். ஒரு பொருள் எத்தகைய செயலுக்கு இடம் தருகிறது என்பதைக் குறிக்கும் ‘அஃபர்டன்ஸ்’ என்ற கருத்தைப் புலனுணர்வு ஆய்வாளர் ஜே. ஜே. கிப்சனிடமிருந்து எடுத்து 1988ஆம் ஆண்டு நூலில் பயன்படுத்தினார். வடிவமைப்பாளர்கள் திரையில் வரைந்த ஒவ்வொரு பொத்தானையும் அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கியதும், 1999இல் அதைக் கண்டித்து எழுதினார். பயனருக்கு வழிகாட்டும் புலப்படு குறிகளுக்கு ‘சிக்னிஃபையர்’ என்ற தனிக் கருத்தை 2013ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் சேர்த்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் தம் புகழ்பெற்ற நூலின் நடுத்தூணைப் பிரித்துக் கட்டியவரை, ஆய்வை விட்டுவிட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொறியியல் பட்டம் தேவையில்லை. மவுஸ் என்ற சுட்டுக்கருவியின் செயல்திறனை 1978இல் அளந்து, அது இலக்கின் தொலைவையும் அளவையும் கொண்டு கையசைவுக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதியோடு ஒத்துப்போவதைக் காட்டிய ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஸ்டூவர்ட் கார்ட், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பணியாற்றிய, ஜெராக்ஸ் நிறுவனத்தின் அதே ‘பார்க்’ (PARC) ஆய்வு மையத்தில், நகலெடுக்கும் கருவியோடு மக்கள் திணறுவதைக் காணொளியாகப் பதிவுசெய்து, கருவி அவர்களைப் பற்றி என்ன ஊகித்தது, அவர்கள் கருவியைப் பற்றி என்ன ஊகித்தார்கள் என்று வரிவரியாக ஒப்பிட்ட லூசி சச்மன் மானிடவியலாளர். 1987இல் வெளியான அவருடைய நூல், மனிதர்கள் திட்டத்தை அப்படியே நிறைவேற்றுவதில்லை, சூழலுக்கேற்ப அவ்வப்போது செயல்படுகிறார்கள் என்று காட்டி, நார்மன் போன்ற அறிதிறன் உளவியலாளர்களின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தியது.

உங்கள் பயிற்சி உளவியல் என்பதால், முதலில் 1981ஆம் ஆண்டுக் கைப்பிசகுக் கட்டுரையையும், அடுத்து கூல்ட், லூயிஸ் கட்டுரையையும் படியுங்கள். புகழ்பெற்ற நூலை மூன்றாவதாக வைத்துக்கொண்டால் போதும், வாங்குவதென்றால் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சச்மனை அதன் பிறகு எடுத்தால்தான் சண்டை புரியும்.