ஸ்டூல் வந்தது, உட்கார முடிந்ததா?

மதுரைக்காரி:
ஜவுளிக்கடை, பட்டு செக்‌ஷன், ஒன்பது வருஷம். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்கான 22-ஏ பிரிவு வந்த பிறகு எங்களுக்கும் நாலு ஸ்டூல் வந்தது. மறுவாரமே அதன் மேல் ஜாக்கெட் பிட் கட்டுகள் ஏறிவிட்டன. ஆடித் தள்ளுபடி முடிந்து கடை ஈயாடிய ஒரு மத்தியானம், கட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்தார். திட்டவில்லை. மடித்து வைத்திருந்த ஒரு புடவையை எடுத்து, உதறி, என் முன்னால் போட்டு, "மடிம்மா" என்றார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். ஆறு கஜத்தையும் நின்றுகொண்டேதான் மடித்தேன். "சட்டம் இருக்குண்ணே" என்பது தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

கோவை கணக்கர்:
சொல்லியிருக்கணும்மா. 2018-ல் நான் பதினொரு வருஷ வேலையை விட்டபோது கிராஜுவிட்டி, அதாவது வேலை பார்த்த வருஷங்களுக்கான பணிக்கொடை, கேட்டேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்றார் முதலாளி. பத்துப் பேர் இருந்தாலே உண்டு. வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெயர்களை விரல் வைத்து எண்ணிக் காட்டினேன்: பதினாலு. கொடுத்துவிட்டார்.

நீங்களும் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள், ஐந்து வருஷம் தாண்டியாகிவிட்டதே. எனக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 7,500. பதினொரு வருஷத்துக்கு 82,500. எதையும் வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சம்பளச் சீட்டு, ஐடி கார்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். அப்புறம், பி.எஃப். பாஸ்புக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிடித்த பணத்தைக் கட்டியிருக்கிறார்களா என்று.

நாகர்கோவில் செல்வி:
கணக்கர் சார், அவர் பேசியது ஸ்டூலைப் பற்றி. நீங்கள் கணக்கு முடித்துக் கிளம்பும்போது கேட்டீர்கள். அவர் மறுநாள் காலையில் அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் சேர்ந்து நின்று போராடியதால்தான் 2018-ல் கேரளாவில் சட்டமே மாறியது. எங்கள் மருந்துக்கடையில் ஐந்து பேர் பேசிவைத்து ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். மானேஜர் ஒவ்வொருவராகப் பார்த்தார், போய்விட்டார்.

மதுரைக்காரி:
பி.எஃப். சரியாக இருக்கிறது சார். செல்விக்கா, எங்கள் செக்‌ஷனில் மற்றவர்கள் எல்லாம் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பிள்ளைகள், அந்த ஹாஸ்டலும் கடையுடையது. எப்படிக் கூப்பிடுவேன்? ஸ்டூல் மூன்றைக் காணோம். மிச்சம் ஒன்றில் உட்கார்ந்துதான் சூப்பர்வைசர் பில் பார்க்கிறார்.