டபுள் பேஸுக்கு ஆட்டுக்குடல் நரம்பு முறுக்குனேன், ஜி கம்பி சுருதி நிக்க மாட்டேங்குது, உதவி வேணுங்க

சூலூர்_பேஸ்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க சர்ச்சுல ஒரு பழைய முக்கால் சைஸ் டபுள் பேஸ் இருக்கு (நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம், மேல் சுருதியில இருந்து கீழ ஜி, டி, ஏ, ஈன்னு நாலு கம்பி), நாலு வருசமா நான்தான் வாசிக்கிறேன். மேல்பலகையில விரிசல் விழுந்து ஒட்டி வச்சிருக்காங்க. ஸ்டீல் கம்பி நாலும் ஒட்டுக்கா நூறு கிலோவுக்கு மேல இழுக்குது, போன மாசம் பாத்தா பிரிட்ஜுக்குக் (கம்பியைத் தாங்குற மரத்துண்டு) கீழ பலகை சித்த அமுங்குன மாதிரி தெரிஞ்சுது, அன்னைக்கே கம்பியெல்லாம் தளர்த்திட்டேன். குடல் நரம்புன்னா கம்பிக்கு 20, 21 கிலோதான் வரும். 1950 வாக்குல ஸ்டீல் வந்து பரவுற வரைக்கும் பேஸுக்கெல்லாம் ஆட்டுக்குடல்தானே போட்டாங்க. வெளிநாட்டுல இருந்து ஒரு செட் வாங்குற அளவுக்கு நம்மகிட்ட வசதி இல்ல, சரி நாமளே முறுக்கிப் பாப்போம்னு எறங்கிட்டேன்.

கறிக்கடை அண்ணன்கிட்ட சொல்லி வச்சு ஞாயித்துக்கிழமை மூணு செம்மறி ஆட்டுக் குடல், அறுக்காம முழு நீளமா வாங்கினேன். கழுவி, கொழுப்பெல்லாம் எடுத்து, சலவை சோடாத் தண்ணியில போட்டு, தண்ணி மாத்தி மாத்தி ரெண்டு நாள் ஊற வச்சு, உள்சவ்வு வெளிச்சவ்வு ரெண்டையும் மூங்கில் பத்தையால வழிச்சுட்டேன். நடுவுல நிக்கிற அந்தக் கெட்டியான வெள்ளைத் தோலை நீளவாக்குல ரெண்டா கிழிச்சு, 2.3 மீட்டருக்கு ஒரு நாடாவா 40 நாடா சேத்து, ஈரத்தோட முறுக்கி, மொட்டை மாடியில மரச்சட்டத்துல இழுத்துக் கட்டினேன். ஆடிக் காத்துல நாலு மணி நேரத்துல காஞ்சிருச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா, கம்பியை ஏத்தி சுருதி வச்சா சும்மா விடுற கம்பி ஜி சரியா இருக்கு, ஆனா சரிபாதியில விரலை லேசா தொட்டு வாசிச்சா ஒண்ணு வருது, அதே எடத்துல அழுத்திப் புடிச்சா வேற வருது. வில் போட்டா ஊளை விடுற மாதிரி ஒரு ஆட்டம். மாமாவோட லேத் பட்டறையில வெர்னியர் வச்சு அளந்தேன், பிரிட்ஜ் பக்கம் 2.36, நடுவுல 2.20, தலைப் பக்கம் 2.04 மி.மீ. தடியா இருக்கற பக்கத்தை உப்புத்தாள் போட்டு தேச்சேன், இப்ப அங்க பூரா முடி முடியா எந்திரிச்சு நிக்குது. இதுக்கு முந்தி ஒண்ணு பண்ணினேன், நாத்தம் போகட்டும்னு பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணியில ஒரு ராத்திரி போட்டேன், அது சுருதிக்கு ஏறங்காட்டியே அறுந்துருச்சு. எங்க தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்க.

பேரூரான்:

முதல்ல உப்புத்தாளைக் கீழ வைங்க. குடல் நரம்புல நார் ஒவ்வொண்ணும் ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் சுத்திச் சுத்திப் போகுது, நீங்க தேச்ச எடத்துல அதையெல்லாம் அறுத்து விட்டுட்டீங்க, அதான் முடி எந்திரிக்குது. எந்திரிச்ச முடியை இழுக்காதீங்க, இழுத்தா நீளமா உரிஞ்சுட்டு வரும், நகவெட்டியால ஒட்ட வெட்டி விட்டு ஒரு சொட்டு பாதாம் எண்ணெய் தடவுங்க.

இன்னொண்ணு. நரம்பை வாத்தியத்துல ஏத்துறதுக்கு முன்னாடியே நல்லதா கெட்டதான்னு பாத்துரலாம். ஒரு ஆளு அக்கட்ட முனையையும் நீங்க இக்கட்ட முனையையும் புடிச்சு இழுத்து நடுவுல ஒருக்கா சுண்டுங்க. நல்ல நரம்பு ரெண்டு கோடா விரிஞ்சு நிக்கும், கோணல் நரம்புன்னா நடுவுல மூணாவதா ஒரு கோடு மங்கலா நெளியும். லூட்ங்கிற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியம் வாசிக்கிறவங்க பல நூறு வருசமா இப்படித்தான் பாத்து வாங்குனாங்க.

அப்புறம் தலைமாட்டுல நரம்பு உக்காருற பள்ளம் ஸ்டீல் கம்பிக்கு அறுத்ததா இருந்தா குடலுக்குப் பத்தாது, நரம்பு ஒக்காராம மேல தொத்திட்டு கடிபடும். அகலமா உருண்டையா ராவி விட்டு பென்சில் கரி தேய்ங்க. பிரிட்ஜுலயும் அதே.

திருப்பூர்_ஷட்டில்:

ஏனுங்க இவ்ளோ கஷ்டம், நம்ம ஷட்டில் பேட்டுக்கு கட் போடுறோமே நைலான், அதை நாலஞ்சு சேத்து முறுக்கினா ஆகாதா?

சூலூர்_பேஸ்:

முறுக்கிப் பாத்தேனுங்க, அது ரப்பர் மாதிரி இழுத்துட்டே போகுது, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி எறங்கிருது. வில்லும் அது மேல புடிக்க மாட்டேங்குது.

பல்லடம்_முறுக்கு:

நான் பேஸ் வாசிச்சதில்லைங்க, ஸ்பின்னிங் மில்லுல 22 வருசம் இருந்தவன். நீங்க எழுதின மூணு அளவைப் பாத்ததும் கை வேலை எங்க பிசகிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. 2.36, 2.20, 2.04, ஒரே சீரா எறங்குது பாருங்க. அங்கங்க குண்டும் குழியுமா இருந்தா குடல் மேல குத்தம் சொல்லலாம், இது ஒரு முனையில இருந்து மறு முனைக்கு வரிசையா மெலியுது. நீங்க நாடா கிழிக்கும்போது ஆரம்பிக்கிற எடத்துல அகலமா ஆரம்பிச்சு போகப் போக கத்தி ஒடுங்கியிருக்கும், எல்லாருக்கும் கை அப்படித்தான் போகும். கிழிச்ச நாப்பதையும் அகல முனை ஒரு பக்கமா அடுக்கி முறுக்கியிருக்கீங்க. அப்படித்தானே?

எங்க மில்லுல டிரா பிரேம்ங்கிற மிஷின்ல 6, 8 ஸ்லைவரை (முறுக்காத பஞ்சுத் திரி) ஒட்டுக்கா விட்டு இழுக்குறதே இதுக்குத்தாங்க, ஒண்ணுல இருக்கற தடிப்பு இன்னொண்ணுல இருக்கற மெலிவுக்குச் சரியாப் போகும். நீங்களும் ஒரு நாடா தலைமாடு, அடுத்தது கால்மாடுன்னு மாத்தி மாத்தி போட்டாலே முக்காவாசி தீந்துரும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, இது முக்கியமுங்க. முறுக்கு எப்பவும் மெலிஞ்ச எடத்துக்குத்தான் ஓடும். நூலுலயே பாருங்க, மெலிசா இருக்கற எடம் கல்லு மாதிரி முறுக்கேறி இருக்கும், தடியா இருக்கற எடம் பொசுபொசுன்னு கெடக்கும். உங்க நரம்புலயும் 2.04 பக்கம் முறுக்கு எச்சா ஏறி, 2.36 பக்கம் முறுக்கே போகாம லூசா நின்னிருக்கும். அந்த லூசான பக்கத்தைத்தான் நீங்க தேச்சிருக்கீங்க, முடி வராம என்ன செய்யும். ஒரு பக்கம் கனமா ஒரு பக்கம் லேசா இருக்கற கம்பியில சரிபாதின்னு நீங்க தொடுற எடம் அளவுல பாதி, கனத்துல பாதி கெடையாது. சுரம் ரெண்டா வர்றது அதனாலதான்னு எனக்குப் படுது.

அமராவதிக்கரை:

மில்லுக்காரர் சொன்னது சரி தம்பி. எங்க அப்பாரு தாராபுரத்துப் பக்கம் பஞ்சு கொட்டுற வில்லுக்கு நரம்பு முறுக்குனவரு, நானும் சின்னதுல கூட நின்னிருக்கேன். ஆடிக் காத்துல மாடியில காயப் போட்டீன்னு எழுதியிருக்கே, அதுவும் தப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஒரு பக்கமா அடிச்சா மேல் தோல் காஞ்சு எறுகிப் போகும், உள்ள ஈரம் நிக்கும், அப்புறமேட்டு உள்ள காயும்போது கம்பி நெளியும். ஊட்டுக்குள்ள, சுவத்தோரமா நனைச்ச சாக்கு தொங்க விட்டு ரெண்டு நாள் காயட்டும். ஒரே முறுக்கா முறுக்காதே. ஈரத்துல முக்காவாசி முறுக்கு குடு, பொழுதோட வந்து பாத்தா தொய்ஞ்சிருக்கும், மறுக்கா குடு, வெடியால இன்னொரு தடவை. சட்டத்துல இருந்து அவுக்கவே கூடாது, இழுவையிலயே காயோணும். ஈரம் போறதுக்குள்ள தேங்காநார்க் கயித்தை நரம்பு மேல சுத்தி இந்த முனையில இருந்து அந்த முனைக்கு உருவி உருவி விடு, தூக்கிட்டு இருக்கற சவ்வெல்லாம் படிஞ்சு வழவழன்னு ஆயிரும், பொறவு உப்புத்தாளுக்கு வேலையே இருக்காது. பிளீச்சிங் பவுடர் குடலைத் தின்னு போடும், அதைத் தொடவே தொடாதே.

சூலூர்_பேஸ்:

ஐயா நான் பொண்ணுங்க, தம்பி இல்ல. நீங்க சொன்னதெல்லாம் நோட்டுல எழுதி வச்சுட்டேன். மில் அண்ணா, நீங்க கேட்டது அப்படியே சரி, நாப்பதையும் கிழிச்ச வரிசையிலயே ஒரு பக்கமா அடுக்கினேன். ரெண்டு சந்தேகம் கேட்டுக்கறேன். டி கம்பிக்கு எத்தனை நாடா போடோணும்? ஏ, ஈ ரெண்டுக்கும் இதே மாதிரி வெறும் குடல் ஆகுமா?

பல்லடம்_முறுக்கு:

ஒரே இழுவை வேணும்னா சுருதி எவ்வளவு எறங்குதோ அந்தக் கணக்குக்குத் தடிமன் ஏறோணும். ஜி செகண்டுக்கு 98 சைக்கிள் (அதிர்வு), டி 73.4, அப்ப 2.2க்கு 2.9 வரும். நாடா எண்ணிக்கை தடிமனோட வர்க்கத்துல போகும், 40 நாடாவுக்கு 2.2ன்னா 2.9க்கு 70 நாடா.

பேரூரான்:

அதே கணக்குல ஏ கம்பி 3.9 மி.மீ., ஈ 5.2 வருதுங்க, அந்தத் தடிமன்ல வில் போட்டா சத்தம் அமுங்கிரும். அதனாலதான் குடல் மேல செம்புக் கம்பி சுத்துறாங்க, செம்பு குடலை விட ஏழு பங்கு கனம். கோயமுத்தூர்ல மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொறைச்சலா, கம்பி கெடைக்கும். ஆனா இப்ப எறங்காதீங்க. உள்ள இருக்கற குடல் ஒழுங்கா காஞ்சு நிக்காம சுத்தினா அப்புறம் சுருங்கும், செம்பு லூசாகி கரகரன்னு அடிக்கும். கீழ ரெண்டுக்கும் இப்போதைக்கு இழுவை கம்மியான ஸ்டீல் போட்டுக்கங்க.

சூலூர்_பேஸ்:

ஆவணியும் பாதி போயிருச்சு, இப்பத்தான் சொல்ல முடிஞ்சுது. புதுசா 40 நாடா கிழிச்சு, அகல முனையில எல்லாம் செவப்பு நூல் கட்டி அடையாளம் வச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பிப் போட்டேன். அம்முச்சி ஊட்டுல பழைய தறிக் குடோன் சும்மாதான் கெடக்கு, அங்க சாக்கு நனைச்சுத் தொங்க விட்டு மூணு தவணையா முறுக்கினேன். ரெண்டாம் நாள் ராத்திரி நார்க்கயித்துல உருவும்போது கைக்கு அடியில நரம்பு சொரசொரப்பு போயி கண்ணாடி மாதிரி ஆகறது அப்படியே தெரிஞ்சுதுங்க, மேல சுத்திச் சுத்திப் போற வரி மட்டும் விளக்கு வெளிச்சத்துல மின்னுது. 15 எடத்துல அளந்தேன், 2.17க்கு கொறையல, 2.22க்கு மேல போகல. தம்பியை ஒரு முனை புடிக்கச் சொல்லி சுண்டிப் பாத்தேன், ரெண்டே கோடு.

ஞாயித்துக்கிழமை ஆராதனையில வாசிச்சேன். பாதியில தொட்டாலும் அழுத்தினாலும் ஒரே சுரம். மழை தூறுனப்ப மட்டும் சுருதி நகந்துச்சு, ரெண்டு பாட்டுக்கு நடுவுல திருகி சரி பண்ணிக்கிட்டேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல, விரலால சுண்டுனா தும்முன்னு எந்திரிச்சு ஒடனே அடங்குது, பாடுறவங்க கொரலுக்கு அடியில போயி ஒக்காந்துக்குது. பாஸ்டர் வந்து வேற பெட்டியான்னு கேட்டாரு.

டிக்கு 70 நாடா நேத்து சட்டத்துல ஏத்தியாச்சு.

அமராவதிக்கரை:

நல்லா இரு அம்மணி. எழுவது நாடான்னா உள்ள காய எச்சா நேரம் புடிக்கும், மூணு நாளு விடு. அவசரப்பட்டு அவுத்துப் போடாதே.

பேரூரான்:

டி ஏத்துறதுக்கு முன்னாடி முடுக்கிக் கட்டையில இருக்கற ஓட்டையை அளந்துக்கங்க, ஸ்டீலுக்குப் போட்ட ஓட்டையில 2.9 நுழையாது. நரம்பு முனையைச் சீவாதீங்க, ஓட்டையைப் பெருசாக்குங்க.