பழைய போல்கா இசைத்தட்டுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எங்கள் ஊர் சமுதாய வானொலியில் ஞாயிறு காலை போல்கா (துள்ளலான ஐரோப்பிய நடன இசை) நிகழ்ச்சிக்குக் கைகொடுக்கிறேன். இத்தனை நாள் நடத்திய பெரியவருக்கு இப்போது முடியவில்லை. தன் இசைத்தட்டுப் பெட்டிகளை எங்களிடமே விட்டுவிட்டார். பாதிக்கு மேல் 78 ஆர்பிஎம் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகை. எல்பி (பிற்கால நீண்ட நேர இசைத்தட்டு) முள்ளை வைத்தால் அக்கார்டியனைவிடக் கரகரப்புதான் பலமாகக் கேட்கிறது. அகலமான முள் வேண்டுமாம், எதை வாங்கலாம்? மென்பொருளில் இரைச்சலைக் குறைத்தால் கிளாரினெட்டும் சேர்ந்து மங்கிவிடுகிறது. அதற்கு என்ன வழி?

போல்காவுக்கான கிராமி விருதை 2009இலேயே நிறுத்திவிட்டார்கள். இம்மாநிலத்தின் அதிகாரபூர்வ நடனம் இதுதான் என்பது வேறு கதை!

அப்புறம், சில தட்டுகளின் லேபிளில் செக் மொழிதான் இருக்கிறது. படிக்கத் தெரிந்த நண்பர் யாராவது உங்களுக்கு உண்டா? படம் எடுத்து அனுப்புகிறேன்.